சுடுமல்லி என்னும் வேர்க்கள்வன்
சோளக்கொல்லையையும் கரும்புத் தோட்டத்தையும் காக்கச் சங்க அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

கலசப்பாக்கத்தைச் சுற்றிச் செய்யாற்றின் இருமருங்கிலும் உள்ள கிராமங்களில், கிணற்றுப் பாசனமுள்ளவர்கள் நெல்லும் கரும்பும் வைக்கிறார்கள். மேட்டுநிலம் உள்ளவர்கள் மணிலாக்கொட்டையும் சோளமும் கம்பும் விதைக்கிறார்கள். சவ்வாது மலையின் மேலே சாமையும் கேழ்வரகும் முக்கியமான பயிர்களாம். மழை தவறிப் பயிர் கருகுமானால் அதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதன்றி வேறு வழியில்லை. ஆனால் மழையும் காலத்தில் பெய்து, மண்ணில் ஈரமும் இருக்கும்போதே சோளப்பயிர் தண்ணீருக்குத் தவிப்பதுபோல் இலை சுருண்டு, மஞ்சள் பாரித்து, வளர்த்தி குன்றி நிற்குமாயின், அங்கே வானத்தைக் குறை கூறுதல் தகாது. பயிரின் காலடியைக் குனிந்து பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் அங்கே சாண் உயரத்தில் வெள்ளைப் பூவோடு ஒரு சிறு செடி நின்றுகொண்டிருக்கும். அதுவே சுடுமல்லி. சில இடங்களில் இதனைப் பல்லிப்பூண்டு என்றும் வழங்குவர்.

விவசாய சம்பந்தமான இவ்விஷயத்தைக் கூட்டுறவுச் சங்கத்தார் ஏன் கவனிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். சங்கத்திலிருந்து கொடுக்கப்படும் பயிர்க்கடனுக்கு உண்மையான ஈடு, பத்திரத்தில் எழுதும் எழுத்தன்று. வயலில் நிற்கும் பயிரேயாகும். கதிர் பிடிக்காத சோளமும் கனம் ஏறாத கரும்பும் கடனைத் திருப்பிக் கொடுக்கமாட்டா. மேலும் இக்களை ஒருவர் வேலியோடு நின்றுவிடுவதன்று. ஒருவர் கொல்லையில் விடப்பட்டால் பத்துப் பேர் கொல்லைக்குப் போகும். ஒருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்கென்றே சங்கம் ஏற்பட்டிருப்பதால், இது முதன்மையாகச் சங்கத்தின் காரியமே.

1. செடியின் அடையாளம்

சுடுமல்லி பார்வைக்கு அற்பமான செடி. முக்கால் சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை வளரும். தண்டு மெல்லியது, இலை குறுகி நீண்டு, தடவினால் சுரசுரப்பாயிருக்கும். நம் நாட்டில் பூ பெரும்பாலும் வெண்மை. ஆப்பிரிக்காவில் சிவப்புப் பூவுடையதும் உண்டு. இலை பச்சையாயிருப்பதனால், மற்றக் களைகளைப்போல இதுவும் தன் உணவைத் தானே தேடிக்கொள்கிறது என்று எண்ணிக் குடியானவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 

உண்மையை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சுடுமல்லியைக் கையால் பிடித்து இழுக்காமல், பக்கத்திலுள்ள சோளத்தூரோடு சேர்த்து மண்கட்டியாக மண்வெட்டியால் பெயர்த்தெடுத்து, ஒரு பாத்திரத் தண்ணீரில் வைத்து மண்ணை மெல்லக் கரைக்க வேண்டும். அப்போது சுடுமல்லியின் வேர் சோளத்தின் வேரில் சிறு முடிச்சுப்போல ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குப் புலனாகும். அதே கட்டியில், மண்ணுக்கு மேல் இன்னும் தலைகாட்டாத வெள்ளை முளைகளும் சில காணப்படலாம். வெளியே நாலு செடி தெரிந்தால் உள்ளே அதனினும் அதிகம் உண்டென்று அறிக.

மாமரத்தில் புல்லுருவி ஏறுவதை நாம் அறிவோம். புல்லுருவி கிளையில் செய்வதைச் சுடுமல்லி வேரில் செய்கிறது. இன்னொரு உதாரணம் நம் மலையிலேயே உள்ளது. சவ்வாது மலைக்குப் பெயர் தந்த பொருள்களில் ஒன்றாகிய சந்தன மரமும் பிற மரஞ்செடிகளின் வேரைப் பற்றி உறிஞ்சி வளர்வதே. நாற்றுப்பண்ணைகளில் சந்தனக் கன்றோடு துவரையைச் சேர்த்து வைப்பது இதன்பொருட்டே. சென்னை மாகாணத்தில் ஸர்க்கார் தாவர சாஸ்திரியாக இருந்தவரும், 1912இல் ஏற்பட்ட கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணையின் முதல் தலைவருமாகிய பார்பர் என்பார், சந்தனத்தின் இவ்வேர்ப்பற்றை நுணுகி ஆராய்ந்து வெளியிட்டார். சந்தனம் பற்றினால் காட்டுக்குப் பெரு நஷ்டமில்லை. மனிதனுக்கு லாபமும் உண்டு. சுடுமல்லி பற்றினாலோ உணவுப் பயிர் சாகும். லாபம் ஒருவருக்கும் இல்லை.

2. அது பிழைக்கும் விதம்

இச்செடியின் விதை தூசியினும் நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட நீளமிராது. இவ்வளவு சிறிய விதைக்குள் முளையை வளர்க்கப் போதிய உணவு சேமித்து வைக்க இடமில்லை. முளைத்த சில நாள்களுக்குள் ஒரு பயிரின் வேரைத் தொட்டாக வேண்டும், தொடாவிட்டால் மடிந்துபோகும். ஆதலால் அது கண்டபடி முளைப்பதில்லை. மண்ணில் ஈரமும் வெப்பமும் ஓரிரு வாரம் இருந்து பதப்பட்ட பின்பும், அருகே ஒரு பயிரின் வேர் வளர்ந்து வந்து, அவ்வேரிலிருந்து கசியும் ஒரு சத்து தன்மேல் பட்டாலன்றிக் கண் திறவாது. வாசற்கதவு தட்டப்படும்வரை உறங்கும் திருடனைப்போல ஆண்டுக்கணக்கில் மண்ணிலே காத்துக் கிடக்கும்.

இந்தச் சத்து எது என்பது 1966இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதனைப் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுத்து, சுடுமல்லியின் சாஸ்திரப் பெயரை ஒட்டி ‘ஸ்ட்ரிகால்’ என்று பெயரிட்டார்கள். இதில் ஒரு வியப்பு உண்டு. பருத்தியைச் சுடுமல்லி பற்றுவதேயில்லை. எனினும் பருத்தி வேரின் கசிவு சுடுமல்லி விதையை எழுப்பிவிடுகிறது. எழும்பிய முளை பற்றுவதற்கு வேரின்றிப் பட்டினியால் சாகிறது. இந்த உண்மையிலிருந்தே நமக்குப் பெரிய உபாயம் ஒன்று கிடைக்கிறது; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பயிர் தன் பகைவனை எழுப்பும் சத்தை ஏன் கசியவிட வேண்டும் என்று கேட்கலாம். 2005இல் இதற்கு விடை கிடைத்தது. மண்ணில் பயிருக்கு நன்மை செய்யும் ஒருவகைப் பூஞ்சக்காளான் உண்டு; அது வேரோடு கூடி வாழ்ந்து, மண்ணிலுள்ள மணிச்சத்தைப் பயிருக்குக் கொண்டுவந்து கொடுக்கும். அதனை அழைக்கவே பயிர் இச்சத்தைக் கசியவிடுகிறது. நண்பனை அழைக்கும் குரலைக் கேட்டுக் கள்வனும் வந்துவிடுகிறான். மண்ணில் சத்துக் குறையக் குறைய பயிர் அதிகமாக அழைக்கும். கள்வனும் அதிகமாக வருவான். இதனை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வேரைப் பற்றியபின் சுடுமல்லி ஒரு மாதத்துக்கு மேலாக மண்ணுக்குள்ளேயே வெண்முளையாக வளரும். அக்காலத்தில் அதற்குப் பச்சை இல்லாமையால், வேண்டிய உணவு முழுவதையும் பயிரிலிருந்தே எடுக்கிறது. மண்ணுக்கு மேல் வந்தபின் தானும் சிறிது உணவு தயாரித்துக்கொண்டாலும், தண்ணீரும் உப்புச்சத்தும் பயிரிலிருந்தே வரவேண்டும். வெயில் ஏறினால் சோளம் தன் இலையின் நுண்துளைகளை மூடிக்கொண்டு தண்ணீரைச் சிக்கனம் செய்யும். சுடுமல்லி அவ்வாறு மூடுவதில்லை. ஆவியாகத் தண்ணீரை விட்டுக்கொண்டேயிருக்கும். ஆகவே வரட்சிக் காலத்தில்தான் இதனால் நேரும் தீங்கு அதிகம். அதுவுமன்றி, பயிரின் வளர்ச்சி ஒழுங்கையே இது கெடுத்துவிடுவதால், எடுத்துக்கொண்ட உணவின் அளவைக் காட்டிலும் விளையும் நஷ்டம் பெரிதாகிறது. 

இதனால் ஒரு முடிவு ஏற்படுகிறது. வெள்ளைப்பூ நம் கண்ணுக்குத் தெரியும்போது, அவ்வாண்டுப் பயிருக்கு நேர வேண்டிய கேட்டின் பெரும்பகுதி முன்னமே நேர்ந்துவிட்டது. அப்போது பிடுங்குவது இவ்வாண்டுப் பயிரைக் காப்பதற்கன்று. வரும் ஆண்டுகளின் பயிரைக் காப்பதற்கேயாகும்.

3. விதையின் கணக்கு

ஒரு சுடுமல்லிச் செடி ஐம்பதினாயிரம் விதைகளுக்குக் குறையாமல் உதிர்க்கவல்லது. கொழுத்த செடியானால் அதைப்போலப் பன்மடங்கும் உதிர்க்கும். ஓர் ஏக்கர் நிலம் 43,560 சதுர அடி. அப்படியானால் ஒரே செடியின் விதையைச் சமமாகப் பரப்பினால் ஏக்கர் முழுவதும் அடிக்கு ஒன்றுக்கு மேல் விழும். இவ்விதைகள் உழவால் மண்ணில் புதைந்து பத்து ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். இருபது ஆண்டு வரையிலும் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். ‘நாலு செடிதானே, போகட்டும்’ என்று இவ்வாண்டு விட்டவர் நாலு ஏக்கருக்குப் பத்து ஆண்டுக்கு வேண்டிய களையை விதைத்தவர் ஆவார்.

விதை பரவும் வழிகள் பல. காற்று சிறிது தூரம் கொண்டுபோகும். மழை வெள்ளம் மேட்டுக்கொல்லையிலிருந்து பள்ளக்கொல்லைக்கு இறக்கும். கலப்பை, மண்வெட்டி, வண்டிச்சக்கரம், ஆட்கள் கால், மாட்டின் குளம்பு இவற்றில் ஒட்டிய மண்ணோடு செல்லும். களை மண்டிய கொல்லையில் கதிரறுத்துக் களத்தில் போரடித்தால் விதைத் தானியத்தோடு கலக்கும். சுடுமல்லி கலந்த தட்டையை மாட்டுக்குப் போட்டால் விதைகளிற் சில மாட்டின் வயிற்றிலும் சாகாமல் சாணத்தோடு வெளிப்படக்கூடும். அச்சாணம் மக்காமல் வயலுக்குப் போனால் களையை நாமே சுமந்துபோய் இறைத்ததாகும்.

4. மெலிந்த நிலமும் மெலிந்த குடித்தனமும்

சத்து மிகுந்த நிலத்தில் சுடுமல்லி குறைவு. சத்தற்ற நிலத்தில் மிகுதி. இதன் காரணத்தை மேலே கண்டோம். ஆண்டுதோறும் சோளத்தின்மேல் சோளமும், கரும்பின்மேல் மறுதாம்புக் கரும்பும் வைத்து, எருவிட முடியாத ஏழைக் குடியானவரின் நிலமே இதற்கு ஏற்ற இடம். எருவில்லாததால் களை, களையால் விளைவில்லை, விளைவில்லாததால் கடன் தீரவில்லை, கடன் தீராததால் மறு ஆண்டு கடனில்லை, கடனில்லாததால் எருவில்லை. இச்சுழலிலிருந்து ஒரு குடியானவர் தம் சொந்த முயற்சியால் மட்டும் வெளியேறுதல் அரிது.

வாரத்துக்கும் ஓராண்டுக் குத்தகைக்கும் பயிர் செய்வோர் நிலைமை இன்னும் சங்கடமானது. இன்று பிடுங்கும் களையின் பலன் மூன்றாம் ஆண்டிலன்றோ தெரியும்? அப்போது அந்நிலம் யார் கையில் இருக்குமோ? ஆதலால் அவர் கூலி கொடுத்துப் பிடுங்கத் தயங்குவது இயல்பே. அவரைக் குறை கூறுவதால் பயனில்லை. நிலத்துக்குடையவரும் அக்கூலியில் ஒரு பங்கை ஏற்பதே நியாயம். ஏனெனில் காக்கப்படுவது அவருடைய நிலத்தின் மதிப்பே. சங்கத்தில் இருசாராரும் அங்கத்தினராயிருப்பதால், இவ்வொப்பந்தத்தைச் செய்துவைக்கச் சங்கத்தைக் காட்டிலும் தக்க இடமில்லை.

5. ஒழிக்கும் முறைகள்

ஒரே மருந்தால், ஒரே ஆண்டில் சுடுமல்லி ஒழியாது. கீழ்க்கண்ட முறைகளைச் சேர்த்து, மூன்று நான்கு ஆண்டு விடாமல் அனுசரித்தால் மண்ணிலுள்ள விதைக்கிருப்புக் குறைந்துகொண்டே வரும்.

(அ) பூக்குமுன் பிடுங்குதல். வெள்ளைமுளை வெளிப்பட்டது முதல் வாரம் ஒருமுறை கொல்லையைச் சுற்றிப் பார்த்துப் பிடுங்க வேண்டும். ஒரு தடவை பிடுங்கினால் போதாது. கீழிருந்து மறுபடியும் முளைகள் வரும். பூத்த செடியைப் பிடுங்கி வரப்பில் போடுதல் கூடாது. பிடுங்கிய பின்பும் காயிலுள்ள விதை முற்றக்கூடும். கோணியில் சேர்த்து, உலர்த்திக் கொளுத்திவிட வேண்டும். கதிரறுத்தபின் தட்டைக் கட்டை நிற்கும்போதும் சுடுமல்லி சில வாரம் பூத்துக் காய்க்கும். ஆதலால் அறுவடை முடிந்தவுடன் கட்டையை உழுது புரட்டிவிடுதல் நலம். அறுவடைக்குப்பின் செய்யும் இந்த ஓர் உழவை விட்டுவிடுவதாலேயே பலருடைய பாடு வீணாகிறது.

(ஆ) ஏமாற்றுப் பயிர். பருத்தியைப்பற்றி முன் கூறினோம். அதைப்போலவே மணிலாக்கொட்டை, தட்டைப்பயறு, சூரியகாந்தி, ஆமணக்கு முதலியனவும் சுடுமல்லி விதையை எழுப்பித் தம் வேரில் இடங்கொடாமல் சாகவிடும் பயிர்களென்று கண்டிருக்கிறார்கள். மணிலாக்கொட்டை நம் பக்கத்துக்குப் புதிய பயிரன்று. ஆகவே இந்த உபாயத்துக்குத் தனிச் செலவு இல்லை. சோளம் வைத்த கொல்லையில் மறு ஆண்டு மணிலாக்கொட்டையும், அதற்கடுத்த ஆண்டு தட்டைப்பயறோ பருத்தியோ வைத்து, நான்காம் ஆண்டில் சோளத்துக்குத் திரும்பலாம். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அக்கொல்லையில் புல்பூண்டு மண்டவிடலாகாது. காட்டுப்புல் பலவற்றின் வேரிலும் சுடுமல்லி பிழைக்கும். புல்லை விட்டுவைத்தால் பயிரை மாற்றியதன் பயன் போய்விடும்.

(இ) பலிப் பயிர். களை மிகுந்த கொல்லையில் தீவனச் சோளத்தை நெருக்கமாக விதைத்து, ஆறேழு வாரத்தில், அதாவது சுடுமல்லி பூக்குமுன்பே, பயிரைப் பசுந்தீவனமாக அறுத்துவிட்டு நிலத்தை உழுதுவிட வேண்டும். விதைகள் ஏராளமாக முளைத்து, வேரைப் பற்றி, காய்க்குமுன் மடியும். மாட்டுக்குத் தீனியும் கிடைக்கும். நாள் தவறினால் மட்டும் இது தீமையாய் முடியும். பூத்தபின் அறுத்தால் களையை வளர்த்ததே மிச்சம்.

(ஈ) கலப்புப் பயிர். சோளத்தின் வரிசைகளுக்கிடையே தட்டைப்பயறோ துவரையோ விதைப்பது நம் முன்னோர் வழக்கம். பயறு நிலத்தை மூடி நிழலும் குளிர்ச்சியும் தருவதாலும், மண்ணில் தழைச்சத்தைச் சேர்ப்பதாலும் களை தாழ்கிறது. தனிச்சோளம் விதைக்கும் புது வழக்கத்தைக் களையுள்ள கொல்லையிலாவது கைவிடுதல் நன்று.

(உ) எரு. நன்றாக மக்கிய தொழுவெருவும் தழைச்சத்துள்ள உரமும் பயிருக்குப் பலம் தருவதோடு, சுடுமல்லியின் முளைப்பையும் குறைக்கின்றன. குப்பையைத் திறந்த மேட்டில் கொட்டி வெயிலில் காயவிடாமல், குழியிலிட்டு, ஈரம் காத்து, மண்ணால் மூடி மக்கவைத்தால் உள்ளே எழும் சூட்டில் களைவிதைகள் பெரும்பாலும் அழியும்.

(ஊ) நீர் தேக்குதல். கிணற்றுவசதி மிகுந்த பள்ளநிலமானால் ஒருபோகம் நெல் நடவு செய்யலாம். நாள்பட நீர் நிற்கும் சேற்றுநெல்லில் சுடுமல்லி தொல்லை கொடுப்பதில்லை. மானாவாரியாகப் புழுதியில் விதைக்கும் நெல்லுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை மறக்கலாகாது.

(எ) எதிர்க்கும் ரகங்கள். ஐதராபாத்துக்கு அருகில் பட்டான்செருவில் 1972இல் ஏற்பட்ட சர்வதேச வெப்பமண்டல வரட்சிப் பிரதேசப் பயிர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், சுடுமல்லியை எதிர்க்கும் சோள வித்துக்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேரில் அழைப்புச்சத்தைக் குறைவாகக் கசியவிடும் ரகங்களும், வேரின் உட்சுவர் தடித்திருப்பதால் களை உட்புகமாட்டாத ரகங்களும் உண்டு. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜேட்டா என்னும் விஞ்ஞானி இத்துறையில் செய்த சேவைக்காக 2009ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார். நம் மண்ணுக்கும் பட்டத்துக்கும் ஏற்ற ரகம் எதுவென்பதை விவசாய அதிகாரியைக் கேட்டறிந்தே விதை வாங்க வேண்டும்.

6. கரும்புத் தோட்டத்துக்குரிய முறை

கரும்பிலும் இதே களை வரும். பயிர் பன்னிரண்டு மாதம் நிற்பதாலும், மறுதாம்பு விடுவதாலும் அங்கே இதற்கு வாழ்வு அதிகம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கரும்புக்குச் சொல்லியுள்ள முறை வருமாறு:

நட்ட 3ஆம் நாள் அட்ரசின் என்னும் களைமருந்தை ஹெக்டேருக்கு மருந்துச்சத்து 1 கிலோ வீதம், அதாவது ஏக்கருக்குச் சுமார் 400 கிராம், தெளித்தல். 45ஆம் நாள் கைக்களை எடுத்தல். 60ஆம் நாள் மண் அணைத்தல். 90ஆம் நாள் 2,4-டி சோடியம் உப்பு லிட்டருக்கு 5 கிராமும் யூரியா லிட்டருக்கு 20 கிராமும் கலந்து களையின்மேல் படும்படி தெளித்தல். 120ஆம் நாள் கரும்புச்சோகையை ஹெக்டேருக்கு 5 டன் வீதம், அதாவது ஏக்கருக்கு 2 டன், நிலத்தின்மேல் பரப்புதல்.

அட்ரசின் 50 சதவீதத் தூளாக இருந்தால் ஏக்கருக்கு 800 கிராம் தூள் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இங்கே மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, அடுத்த வயலில் பருத்தியோ வெண்டையோ இருந்தால் 2,4-டி தெளிக்கலாகாது; காற்றில் செல்லும் சிறு திவலையும் அவற்றைக் கருக்கிவிடும். இரண்டாவது, கரும்பில் ஊடுபயிராக உளுந்து, பயறு முதலியவை வைத்தவர்கள் இம்மருந்துகளைத் தொடக்கூடாது. மூன்றாவது, தெளிப்பவர் கைக்கும் முகத்துக்கும் காப்பு அணிந்து, காற்று அடங்கிய வேளையில் தெளித்து, மிகுந்த கரைசலைக் கிணற்றருகே கொட்டாமல் இருக்க வேண்டும். மருந்து வாங்குமுன் அதன் அனுமதியையும் அளவையும் விவசாய அதிகாரியிடம் உறுதி செய்துகொள்க. மருந்து வாங்க இயலாதவர்க்குக் கைக்களையும் மண் அணைப்பும் சோகை மூடாக்குமே பாதி வேலையைச் செய்துவிடும். சோகையைக் கொளுத்துகிறவர்கள் தம் கையிலிருக்கும் மருந்தைக் கொளுத்துகிறார்கள்.

7. காளான் என்னும் இனத்தான்

சுடுமல்லிக்கு இனமான மற்றொரு வேர்க்கள்வனும் தமிழ்நாட்டில் உண்டு. அதனைப் புகையிலைக் காளான் என்பர். பெயர்தான் காளான், உண்மையில் பூக்கும் செடியே. இதற்கு ஓர் இம்மியும் பச்சையில்லை, இலையும் இல்லை, வெளிர்மஞ்சள் தண்டு தடித்து எழும்பி, ஊதாநிறம் கலந்த பூக்களை நெருக்கமாக வைக்கும். புகையிலையே இதற்கு முக்கிய இரை; ஆயினும் கத்தரி, தக்காளி முதலிய காய்கறித் தோட்டங்களையும் பற்றும். வட இந்தியாவில் ராஜஸ்தானம், ஹரியானா பக்கங்களில் இதன் உறவான செடி கடுகுப்பயிரைப் பெரிதும் கெடுக்கிறது. தாவர சாஸ்திரிகள் சுடுமல்லியையும் இக்காளானையும் இப்போது ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆனால் இரண்டையும் ஒன்றென்று மயங்கலாகாது. அதனால் பெருநஷ்டம் விளையும். காளானை ஏமாற்றிச் சாகவிடும் பயிர்கள் எள்ளு, உளுந்து, பாசிப்பயறு, சோளம் என்பன. அதாவது, சுடுமல்லிக்கு விருந்தாகும் சோளமே காளானுக்கு எமனாகிறது. கத்தரித் தோட்டத்தில் காளான் கண்டவர் சோளத்துக்கு மாறலாம். சோளத்தில் சுடுமல்லி கண்டவர் சோளத்தின்மேல் சோளம் வைத்தால் கெட்டார். ஆகவே முதலில் களை இன்னதென்று பெயரறிந்து, பின்னரே பயிர்மாற்றம் செய்ய வேண்டும். காளானையும் பூக்குமுன் பிடுங்கி எரிப்பதே முதல் வேலை. இளமுளையின் நுனியில் வேப்பெண்ணெய் போன்ற எண்ணெயை இரண்டு துளி விட்டால் முளை கருகும் என்றும் கண்டிருக்கிறார்கள். அவ்வெண்ணெய் பயிர்மேல் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. பிற தேசங்களின் அனுபவம்

1956இல் அமெரிக்காவில் வட, தென் கரோலினா ராஜ்யங்களின் மக்காச்சோளக் கொல்லைகளில் சுடுமல்லி புகுந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நாளடைவில் அது பரவிய நிலம் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அந்நாட்டார் சும்மா இருக்கவில்லை. களையுள்ள பண்ணையிலிருந்து மண்ணொட்டிய கருவிகளும் விளைபொருள்களும் சுத்தி செய்யப்படாமல் வெளியேறக்கூடாதென்று தடை விதித்தார்கள், களைமருந்து தெளித்தார்கள், எதிலீன் என்னும் வாயுவை மண்ணுக்குள் செலுத்தி, பயிரில்லாமலே விதைகளை முளைக்கச் செய்து சாகடித்தார்கள். பல பத்தாண்டுகள் விடாமல் செய்த முயற்சியால் அந்நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் களை நீங்கியது. அங்கே செலவிட்டது ஸர்க்கார் பணம். வாயுவும் யந்திரமும் நமக்கு எட்டாதவை. எனினும் ‘ஒரு பண்ணையையும் விட்டுவைக்காதே, ஓராண்டும் இடைவிடாதே’ என்னும் விதி நமக்கும் எட்டக்கூடியதே.

கென்யா தேசத்துச் சிறு குடியானவர்கள் நிலைமை நம்மைப் போன்றது. அங்குள்ள பூச்சி ஆராய்ச்சி ஸ்தாபனத்தார், மக்காச்சோள வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்னும் பயறினத் தீவனச்செடியை வளர்க்கச் செய்தார்கள். தண்டுத் துளைப்பானை விரட்டுவதற்காக வைத்த அச்செடி, சுடுமல்லியையும் அடக்குவதை 1990களில் கண்டார்கள். அதன் வேர்க்கசிவு களைவிதையை எழுப்புவதோடு, எழுந்த முளை பயிர்வேரைப் பற்றாமலும் தடுக்கிறது. மாட்டுக்குத் தீவனமும் கிடைப்பதால் அம்முறை ஆயிரக்கணக்கான குடும்பங்களில் பரவியது. பால்மாடு வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இது சிந்திக்கத்தக்கது.

9. சங்கம் செய்யத்தக்கவை

இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904இல் ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் சங்கம் தோன்றியது. அன்று முதல் சங்கமென்றால் கடன் வாங்குமிடம் என்றே பலர் நினைக்கிறார்கள். கடனைக் கொடுப்பது பாதி வேலை. கடன் பயனுறும்படி செய்வது மறுபாதி. இக்களை விஷயத்தில் சங்கத்தின் கமிட்டியார் செய்யக்கூடியன:

முதலாவது, சோளம் கதிர்விடும் பருவத்தில் கமிட்டியார் இருவர் இருவராகக் கிராம எல்லையைச் சுற்றிவந்து, சுடுமல்லியுள்ள கொல்லைகளைச் சர்வே எண்ணோடு ஒரு புத்தகத்தில் குறித்துவைத்தல். இது ஒருவரைக் குற்றஞ்சாட்டுவதற்கன்று என்று முன்னரே பொதுக்கூட்டத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிடில் மறைப்பவர் பெருகுவர்.

இரண்டாவது, ஊரார் கூடி ஒரு நாளைக் குறித்து, எல்லாக் கொல்லையிலும் அன்றே களைபிடுங்குதல். பதினைந்து நாள் கழித்து மீண்டும் ஒருமுறை. ஆளில்லாத வீட்டுக்கும், வயோதிகர், விதவையர் கொல்லைக்கும் மற்றவர்கள் மாறுகை உதவிசெய்தல். ஒரு கொல்லை விடுபட்டாலும் ஊர் முழுவதும் பட்ட பாடு வீணாகும்.

மூன்றாவது, களையுள்ள கொல்லையின் தானியத்தை விதைக்கு வைக்காமலும் விற்காமலும் இருக்க ஏற்பாடு. களையற்ற கொல்லையைக் கமிட்டியார் பயிரில் நிற்கும்போதே பார்த்து, அதன் விதையைச் சங்கத்தின் மூலம் சேமித்து, பட்டத்தில் அங்கத்தினருக்கு வழங்குதல்.

நான்காவது, பயிர்மாற்றம் செய்ய ஒப்புக்கொள்வோருக்கு மணிலாக்கொட்டை விதைக்கும், பயறு விதைக்கும், எருவுக்கும் முன்னுரிமையோடு கடன் சிபாரிசு செய்தல். கடனில் ஒரு பகுதி பொருளாகவே கொடுக்கப்படுமானால் அது நிலத்துக்கே போய்ச் சேரும்.

ஐந்தாவது, சங்கத்தின் கலப்பை, விதைப்பான், டிராக்டர் முதலியன களையுள்ள கொல்லையில் வேலைசெய்தால், அங்கேயே மண் நீங்கத் துடைத்துக் கழுவியபின்பே அடுத்த கொல்லைக்குப் போதல். வாடகைச் சீட்டில் இந்த நிபந்தனையை எழுதிவிடலாம்.

ஆறாவது, மேலே கூறிய புத்தகத்தை ஆண்டுதோறும் திறந்து, எத்தனை கொல்லையில் களை குறைந்தது, எத்தனையில் புதிதாய்த் தோன்றியது என்பதைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தல். மூன்று ஆண்டுக் கணக்கு ஒன்றாய்க் கண்முன் நின்றால், பிடுங்கியது பயன் தந்ததா என்று ஒருவரும் ஒருவரைக் கேட்க வேண்டியிராது.

முடிவுரை

சுடுமல்லி புதிய நோயன்று. நெடுநாளாக மானாவாரிக் குடியானவரின் வாய்ச்சோற்றைப் பறித்துவரும் களை. முன்னே இதன் இயல்பு தெரியாமல் வரட்சியென்றும் நிலக்குற்றமென்றும் நொந்துகொண்டார்கள். இன்றோ விதை உறங்குவதும், எழுவதும், பசித்துச் சாவதும் எவ்வாறென்று விளங்கிவிட்டன. அதனை வெல்லும் ஆயுதங்களும் நம் கையில் உள்ளவையே: மணிலாக்கொட்டையும், தட்டைப்பயறும், குப்பைக்குழியும், மண்வெட்டியும், அண்டை வீட்டாரின் ஒத்துழைப்பும். இவற்றுள் முதல் நான்கையும் விலைகொடுத்து வாங்கலாம்; ஐந்தாவதைச் சங்கம் ஒன்றே தரமுடியும். இவ்வாண்டுச் சோளம் கதிர்விடும்போது அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கொல்லைக்குள் நடந்து, பயிரின் காலடியைக் குனிந்து பார்த்து, கண்ட செடியைப் பூக்குமுன் களைவாராக.